லைக் வேற, அக்ரி வேற

தாம்பரத்துல இருந்து வேளச்சேரிக்கு பஸ்ல போனா, வழியில பள்ளிக்கரணை சதுப்புநிலம் வரும். தண்ணியில கோழி மாதிரி நீந்துற ஒரு கறுப்புப் பறவையை போட்டோ எடுத்து ஐநேச்சுரலிஸ்ட்ல போடுறீங்க. அப்புறம் என்ன நடக்கும்?

2008-ல் பெர்க்லி மாணவர்கள் மூணு பேரோட முதுகலை ஃபைனல் ப்ராஜெக்டா ஆரம்பிச்ச தளம் இது. ஃபாலோ, கமென்ட் எல்லாம் சோஷியல் மீடியா மாதிரியேதான். ஆனா இங்க முக்கியமான பட்டன் 'அக்ரி'. போட்டோ, தேதி, இடம் எல்லாம் சரியா இருந்து, குறைஞ்சது ரெண்டு பேர் இனத்தோட பேரைச் சொல்லி, சொன்னவங்கள்ல மூணுல ரெண்டு பங்குக்கு மேல ஒத்துப்போனா, அந்தப் பதிவு 'ரிசர்ச் கிரேடு'. லைசென்ஸ் அனுமதிச்சா, அது ஜிபிஐஎஃப் என்ற உலகத் தரவுத்தளத்துக்குப் போகும். ஆராய்ச்சியாளர்கள் அங்கிருந்துதான் டேட்டா எடுப்பாங்க.

சிக்கலும் இங்கதான். நாமக்கோழிக்கு நெற்றியில வெள்ளை, தாழைக்கோழிக்குச் சிவப்பு. நீங்க பேரை மாத்திப் போட்டு, நண்பன் பாக்காமலே அக்ரி தட்டினா, ரெண்டே பேர்ல தப்பு டேட்டா ரெடி. தெரிஞ்சவங்க யாராவது வந்து திருத்துற வரைக்கும் அது அப்படியே நிக்கும்.

மச்சான் போட்டோன்னு இன்ஸ்டால லைக் போடலாம். இங்க அக்ரி போடறதுக்கு முன்னாடி நெற்றியைப் பாருங்க.