தலைப்பாகை முட்டாக்கு: கட்டும் வகையும் காது படும் பாடும்

"என்ன மகள் இது, ஹாஜியார்ட தலப்பாவ எடுத்துக் கட்டிக்கிட்டு வந்தீக்கிற?"

மடவளையில் ஒரு கல்யாண வீட்டில், பல்கலைக்கழக விடுமுறைக்கு வந்திருந்த தன் பேத்தியைப் பார்த்து என் சாச்சி கேட்ட கேள்வி இது. ஸஹனைச் சுற்றியிருந்த பெண்களெல்லாம் சிரித்தார்கள். பிள்ளை சிரிக்கவில்லை. சாப்பாட்டை அரைகுறையாக வைத்துவிட்டு எழும்பிப் போய்விட்டாள். அவள் கட்டியிருந்ததுதான் இப்போது பிள்ளைகள் 'டர்பன் ஸ்டைல்' என்று சொல்கிற தலைப்பாகை முட்டாக்கு.

நான் 2002இல் பேராதனையில் படித்தபோது இப்படி ஒன்றைக் கண்டதில்லை. உம்மாமார் சேலை முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டார்கள். நாங்கள் ஷோலைச் சுற்றிப் பின் குத்தினோம். அதுவே அந்நாளில் பெரிய மாற்றம். இன்றைய பிள்ளைகள் மலேசியப் பாடகி யூனாவின் தலைக்கட்டைப் பார்த்திருக்கிறார்கள். மேற்கு ஆபிரிக்காவில் யொருபாப் பெண்கள், முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களுமாக, 'கெலே' என்று விறைப்பான துணியில் கோபுரம் போலக் கட்டுவதையும் பார்த்திருக்கிறார்கள்.

தமிழ் படிப்பிக்கிறவள் என்பதால் எனக்கு முதலில் தோன்றியது சொல் பற்றிய விசயம். ஆணின் தலைத்துணிக்குத் தமிழில் தலைப்பாகை, முண்டாசு, உருமால் என்று பல பெயர்கள். பெண்ணுக்கு முக்காடு, முட்டாக்கு. பெயரை விடுங்கள், வினையைப் பாருங்கள். அவர் தலைப்பாகை 'கட்டினார்', அவள் முக்காடு 'போட்டாள்'. கட்டுவது ஆணுக்கு, போடுவது பெண்ணுக்கு என்று மொழியே பிரித்து வைத்திருக்கிறது. சாச்சி சிரித்ததில் பாதி இந்தப் பழக்கத்தின் சிரிப்பு. ஆனால் நமது மலைநாட்டிலேயே கொழுந்து பறிக்கிற பெண்கள், கூடைக் கயிறு தலையை அழுத்தாமலிருக்கத் துணியை மடித்துக் கட்டித்தான் வேலைக்குப் போனார்கள். அதைப் பார்த்து யாரும் ஹாஜியார் என்று சொல்லவில்லை.

மற்றப் பாதிச் சிரிப்புக்கு ஆதாரம் இல்லாமலில்லை. உம்மு ஸலமா (ரழி) அவர்கள் தலையை மறைத்துக்கொண்டிருந்தபோது, ஒரு சுற்றுப் போதும், இரண்டு வேண்டாம் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக அபூதாவூதில் ஓர் அறிவிப்பு உண்டு. ஆணின் தலைப்பாகையைப் போல் ஆகிவிடக் கூடாது என்பதே அதன் பொருள் என்று இமாம் அபூதாவூத் அவர்களே விளக்கமும் எழுதியிருக்கிறார்கள். அதன் அறிவிப்பாளர் தொடர் பலவீனமானது என்று ஷெய்க் அல்பானி போன்றோர் சொல்லியிருக்கிறார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் வரும் ஒட்டகத் திமில் பற்றிய ஹதீஸுக்கு விரிவுரை எழுதிய இமாம் நவவி அவர்கள், தலைப்பாகையையோ வேறு துணியையோ சுற்றித் தலையைப் பெருப்பித்துக் காட்டுவதையும் அதில் சேர்க்கிறார்கள். என் விளக்கத்தில், அங்கே ஆட்சேபம் பெருப்பிப்பதற்குத்தான். துணியைச் சுற்றினாலே குற்றம் என்பதற்கு அல்ல. சூரத்துந் நூரின் 31ஆம் வசனமோ முக்காட்டை மார்பின் மேல் போடச் சொல்கிறது. ஆகவே தலையைச் சுற்றி என்ன வடிவம் வருகிறது என்பதை விட, கழுத்தும் நெஞ்சும் என்னவாகிறது என்பதுதான் முதலில் கேட்கவேண்டிய கேள்வி.

அந்தக் கேள்வியோடு கட்டும் வகைகளைப் பார்ப்போம். துணி இரண்டு யார் நீளமுள்ள சாதாரண ஷோல் போதும். வழுக்குகிற ஷிபோன் வேண்டாம். பருத்தியோ ஜேர்ஸியோ பிடித்து நிற்கும்.

முழுத் தலைப்பாகை: ஷோலின் நடுப்பகுதியைப் பிடரியில் வைத்து, இரு முனைகளையும் முன்னுக்கு எடுத்து, நெற்றிக்கு மேலே ஒன்றையொன்று குறுக்கிட்டு, திரும்பப் பின்னுக்குக் கொண்டுபோய்ச் செருகுவது. முனைகளைக் கயிறு போல் முறுக்கிச் சுற்றினால் அது முறுக்குக் கட்டு. இரண்டிலும் கழுத்து வெளியே. பெரும்பாலும் காதும் வெளியே. பெண்கள் மட்டும் இருக்கிற இடத்துக்கு அழகு, வெளியிடத்துக்குக் காணாது. இன்னொன்றையும் பிள்ளைகள் கவனிப்பதில்லை. முன்னால் முடிச்சுப் பெருத்து நெற்றியை மூடினால் ஸுஜூது சரிவராது. நமது ஷாபிஈ மத்ஹபில் நெற்றியின் ஒரு பகுதியாவது திரையில்லாமல் நிலத்தில் படவேண்டும். வுழூவுக்குக் கஷ்டமில்லை. தலையில் சிறு பகுதியைத் தடவினாலே மஸ்ஹு நிறைவேறும் என்பதால் முன்பக்கம் விரல் நுழைய இடம் இருந்தால் சரி.

அரைத் தலைப்பாகை: ஒரு முனையைக் குட்டையாகவும் மற்றதை நீளமாகவும் விட்டு, நாடிக்குக் கீழே ஊக்குக் குத்தி, நீளமான முனையைத் தலையைச் சுற்றி ஒரே ஒரு சுற்று எடுத்துச் செருகி, குட்டை முனையை நெஞ்சில் விரித்துவிடுவது. ஒரே சுற்று என்பதால் சாச்சியும் இதற்கு வாய் திறக்கமாட்டார்.

மூன்றாவதுதான் நான் எல்லோருக்கும் சொல்லிக் கொடுப்பது. தலை, காது, கழுத்து மூன்றையும் ஒன்றாக மூடுகிற இழுவைத் துணி உள்தொப்பி, கடைகளில் 'நிஞ்சா' என்று கேட்டால் கொடுப்பார்கள். அதைப் போட்டு, மேலே காதுக்கு மேல்மட்டமாக ஷோலைக் கட்டி, மீதி முனையை நெஞ்சில் விடுவது. ஊக்கே தேவையில்லை.

எல்லோருக்கும் இதைச் சொல்லிக் கொடுப்பதற்குக் காரணம் காது. புளூடூத் கருவிகள் வந்தபிறகு பரீட்சை மண்டபத்தில் காது தெரியவேண்டும் என்கிறார்கள். 2024இல் உயர்தரப் பெறுபேறுகள் வெளியானபோது, காதை மூடியிருந்தார்கள் என்று திருகோணமலை ஸாஹிராக் கல்லூரியின் 70 மாணவிகளின் பெறுபேறுகள் தற்காலிகமாக நிறுத்திவைக்கப்பட்டதை எல்லோரும் அறிவோம். 1905இல் சட்டத்தரணி அப்துல் காதர் துருக்கித் தொப்பியோடு உயர் நீதிமன்றத்தில் நின்றதற்கு நீதிபதி மறுப்புச் சொன்னபோது மருதானையில் பெருங்கூட்டம் கூட்டிய சமூகம் நாம். ஆனால் பதினெட்டு வயதுப் பிள்ளைக்குப் பின்னால் கூட்டம் இல்லை. வினாத்தாள் மட்டும்தான் முன்னால் இருக்கிறது.

பல வருடங்களுக்கு முன் எனது மாணவி ஒருத்தியை மண்டப வாசலில், ஆண்களும் நிற்கையில், ஷோலைக் கழற்றச் சொன்னார்கள். அவள் கழற்றினாள். ஆனால் முதல் அரை மணித்தியாலம் ஒரு வரியும் எழுதவில்லை. அவளுக்கு மிகப் பிடித்த பாடம் அது. 'ஏ' வரவேண்டியவளுக்கு 'எஸ்' வந்தது. அன்று அவளுக்கு ஒரு வழி சொல்லிக் கொடுக்காதவர்களில் நானும் ஒருத்தி.

காது முகத்தில் சேராது. அந்நிய ஆணின் முன் மறைக்கவேண்டியதுதான். பெண் நோக்குநர் பார்ப்பதில் குற்றமில்லை. ஆகவே கேட்கவேண்டியது இரண்டு: பார்ப்பவர் பெண்ணாக இருக்கவேண்டும், ஒதுக்குப்புறமாகப் பார்க்கவேண்டும். இதை அதிபர் மூலம் மண்டப மேற்பார்வையாளருக்கு முதலே சொல்லிவைக்கலாம். வாசலில் நின்று வாதாடுவதை விட அது சுலபம். நமது பக்கத்திலும் ஒரு பொறுப்பு உண்டு. ஆறு ஊக்குக் குத்தி, இறுக்கிச் சுற்றிக்கொண்டு போனால் சோதிக்கிற பெண் என்ன செய்வார்? அவருக்கும் மணி அடிக்கப்போகிறது. உள்தொப்பிக் கட்டில், ஓரத்தில் விரலை விட்டு இழுத்துக் காதுக்குப் பின்னால் தள்ளினால் காது முழுதாகத் தெரியும். மேலே கட்டு அசையாது, ஒரு முடியும் வெளியே வராது. விட்டதும் துணி பழைய இடத்துக்கே போய்விடும். மண்டபத்துக்குள் முழுநேரமும் காது தெரியத்தான் வேண்டும் என்றால், நோக்குநர் பெண்ணாக உள்ள மண்டபத்தில் அப்படியே தள்ளிவிட்டு எழுதலாம். ஆண் இருந்தால் என்ன செய்வது என்று உலமாக்களிடம் முன்கூட்டியே கேட்டுத் தெளிவதும் நம் வேலை.

சென்ற முறை உயர்தரப் பரீட்சைக்கு முதல் வாரம் பிள்ளைகளை ஒரு வகுப்பறைக்குள் கூட்டி, கதவைச் சாத்திக்கொண்டு இதைப் பழக்கினேன். ஒருத்தி மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"டீச்சர், காதக் காட்டினா பாவம், காட்டாட்டி ரிசல்ட் வராது. நான் என்ன செய்ய?"

"இங்க வாங்க" என்று கூப்பிட்டு, அவளுடைய பின்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மேசையில் வைத்தேன். ஏழு இருந்தன. உள்தொப்பியைப் போட்டுவிட்டு, வெள்ளை ஷோலை ஒரு சுற்றுச் சுற்றிச் செருகினேன். காதைக் காட்டச் சொல்லிக் கடிகாரத்தைப் பார்த்தேன். முதல் தடவை பத்து செக்கன், இரண்டாம் தடவை நாலு.

"பிள்ளைகள், இன்னொரு தடவ எல்லாரும்" என்றேன். அவளும் சேர்ந்து செய்தாள்.