முழங்காலுக்குள் ஓர் உலோகம்

வரக்காப்பொலையை அடுத்த இறப்பர்த் தோட்டமொன்றில் நாற்பது ஆண்டுகள் மேடும் பள்ளமும் ஏறியிறங்கிப் பால் வெட்டிய மூதாட்டி ஒருவர் அண்மையில் நம்மிடம் வந்தார். முழங்கால் மூட்டை மாற்ற வேண்டுமென வைத்தியர் கூறிவிட்டாராம். "காலுக்குள் வைக்கும் இரும்பு துருப்பிடித்து இரத்தத்தில் கலந்துவிடாதா, சேர்?" என்று வினவினார். எழுத்தறியாத அவர் கேட்டது, விஞ்ஞானிகளும் ஆராய்ந்துவரும் வினாவேயாகும்.

வைக்கப்படுவது வெறும் இரும்பன்று. தொடையெலும்பின் நுனியைப் பெரும்பாலும் கோபாற்று, குரோமியம், மொலிப்தினம் சேர்ந்த கலப்புலோகம் கவசமாக மூடுகிறது. அது கீழேயுள்ள பிளாஸ்திக்கு மெத்தையின் மீது அசைகிறது. 1974இல் நியூயோர்க்கில் இன்சால், ரணாவத் முதலியோர் வகுத்த அமைப்பே இன்றைய மூட்டுகளுக்கு முன்னோடி. இந்தியப் பிரதமராயிருந்த வாஜ்பாயி அவர்களின் முழங்கால்களை 2000, 2001ஆம் ஆண்டுகளில் மும்பாயில் மாற்றியவரும் அதே ரணாவத்தே.

குரோமியம் காற்றுடன் கூடி உலோகத்தின்மேல் மெல்லிய படலமாகப் படிந்து, அதனைக் காக்கிறது. ஆயினும், உடலின் உப்புநீரும் நாள்தோறும் நிகழும் உராய்வும் அப்படலத்தைச் சிறிது சிறிதாகத் தேய்க்கின்றன. அப்போது மின்னேற்றம் பெற்ற உலோக அணுக்கள், அதாவது அயன்கள், வெளிப்பட்டு இரத்தத்தில் கலக்கின்றன. அவற்றைச் சிறுநீரகங்கள் வெளியேற்றுகின்றன.

கோபாற்று முற்றிலும் பகையன்று. பீ12 உயிர்ச்சத்தில் அது உண்டு. அளவு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சன்றோ? 1965-66இல் கனடாவின் கியூபெக் நகரில், நுரை நிலைக்கவெனக் கோபாற்று உப்புச் சேர்த்த பியரை மிகுதியாகக் குடித்தோர் பலர் இருதயம் பழுதுற்று மாண்டனர். உலோகத்தோடு உலோகம் உராயும் ஏ.எஸ்.ஆர். இடுப்பு மூட்டு 2010இல் உலகெங்கும் மீளப்பெறப்பட்டது. முழங்காலிலோ உலோகம் பிளாஸ்திக்கின்மீது அசைவதால், வெளிப்படும் அயன்கள் பொதுவாக மிகக் குறைவு. பெரும்பாலோர்க்கு அதனால் தீங்கில்லை.

எனினும் சிறுநீரக நோயாளருக்கு அயன்கள் உடலில் தேங்கக்கூடும். நிக்கல் ஒவ்வாதவர்களும் முன்னரே வைத்தியரிடம் கூறுதல் நன்று. இக்கலப்புலோகத்தில் சிறிதளவு நிக்கலும் இருக்கலாம். அத்தகையோர்க்கு வேறு பொருளாலான மூட்டுகளும் உண்டு. ஆண்டுகள் பல கழிந்தபின் வீக்கமோ வலியோ தோன்றினால், முதுமையென்று எண்ணி வாளாவிருத்தல் தகாது.

இவற்றை நாம் விளக்கியதும் மூதாட்டி காதைத் தடவிக்கொண்டார். "கவரிங் தோடு போட்டால் எனக்குக் காது புண்ணாகிவிடும், சேர்" என்றார். அதனை வைத்தியரிடம் கூறினீர்களா என்று கேட்டோம். "தோட்டுக்கும் முழங்காலுக்கும் என்ன சம்பந்தம் என்று இருந்துவிட்டேன்" என்றார்.

சம்பந்தம் இருக்கக்கூடும். சிறு செய்தியாயினும் மறைக்காமல் சொல்வதே நோயாளர் தமக்குத் தாமே செய்துகொள்ளும் முதற் சிகிச்சையாகும்.