கியர் பெட்டிக்கு ஒரு மூடி

பழைய அம்பாசடர் காரின் பின் இருக்கையில் நடுவில் உட்கார்ந்து போனவர்களைக் கேட்டுப் பாருங்கள். காலடியில் திமில் போல ஒரு மேடு இருந்ததையும், காலை எங்கே வைப்பது என்று திண்டாடியதையும் சொல்வார்கள். அந்த மேடு எதற்காக? எஞ்சின் இருப்பது முன்னால். உந்தப்பட வேண்டியவை பின் சக்கரங்கள். எஞ்சினின் சுழற்சியைக் கியர் பெட்டியிலிருந்து பின் அச்சுக்குக் கொண்டுசெல்லும் நீண்ட தண்டு வண்டியின் நடுவே ஓட வேண்டும். அதற்கு வழிவிட்டுத் தளத்தை ஒரு சுரங்கம்போல் மேலே வளைத்திருக்கிறார்கள்.

தாழ்வான பந்தயப் பாணிக் கார்களில் இந்தச் சுரங்கம் இன்னும் பெரிது. இங்கிலாந்தில் காவன்ட்ரி நகரில் 1968 முதல் 1976 வரை உருவான 'டிரையம்ஃப் டி.ஆர். 6' என்ற இரண்டு இருக்கைக் காரை எடுத்துக்கொள்வோம். இதில் கியர் பெட்டியே ஓட்டுபவரின் முழங்காலுக்கும் பக்கத்தில் இருப்பவரின் முழங்காலுக்கும் நடுவில் இருக்கிறது. கிளட்ச் தேய்ந்தால் கியர் பெட்டியை வண்டிக்குள்ளிருந்துதான் தூக்கி எடுக்க வேண்டும். ஆகவே சுரங்கத்தின் முன்பகுதியை மட்டும் தனி மூடியாகச் செய்து, திருகாணிகளால் பொருத்தினார்கள். அந்த மூடி எதனால் ஆனது தெரியுமா? அழுத்திச் செய்த நார் அட்டை! அரை நூற்றாண்டு எண்ணெயிலும் ஈரத்திலும் ஊறி, பலமுறை கழற்றி மாட்டப்பட்டு, திருகுத் துளைகள் கிழிந்துபோன அட்டைதான் இன்று பல வண்டிகளில் எஞ்சியிருக்கிறது. இவற்றைப் பேணிக் காப்பவர்கள் கண்ணாடி இழை மூடியோ பிளாஸ்டிக் மூடியோ வாங்கி மாற்றுகிறார்கள்.

வெறும் மூடிதானே என்று நினைக்கலாம். ஆனால் அது வெப்பம், இரைச்சல், நச்சுப்புகை ஆகிய மூன்றையும் தடுத்தாக வேண்டும்.

முதலில் வெப்பம். கண்ணாடி இழைப் பிளாஸ்டிக் எஃகைவிடச் சுமார் 200 மடங்கு குறைவாகவே வெப்பத்தைக் கடத்துகிறது. அப்படியானால் எஃகு மூடிக்குப் பதில் அதை மாட்டினாலே உள்ளே குளுகுளுவென்று இருக்குமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். மின்தடைகளைத் தொடரில் இணைப்பது போல வெப்பத்தடைகளையும் கூட்டலாம். தகட்டின் இரு முகங்களிலும் ஒட்டி நிற்கும் காற்றுப் படலம் ஒவ்வொன்றின் தடையும் ஏறத்தாழ 0.1 (சதுர மீட்டர்-கெல்வின்/வாட் அலகில்). 3 மில்லிமீட்டர் கண்ணாடி இழையின் தடை 0.012தான். எஃகுத் தகட்டின் தடையோ கணக்கில் எடுக்கவே வேண்டாத அளவு. ஆக மொத்தத் தடை 0.2 என்பது 0.212 ஆகிறது, அவ்வளவே! ஆனால் மூடியின் மேல் 10 மில்லிமீட்டர் கம்பளி நமுதாவை விரித்தால் கூடுதலாக 0.25 கிடைக்கிறது. மொத்தத் தடை இரு மடங்குக்கும் மேலாகிவிடுகிறது. வெப்பத்தைத் தடுப்பது மூடியன்று, அதன் மேல் விரிக்கும் நமுதாதான்.

கதிர்வீச்சும் உண்டு. கியர் பெட்டியை ஒட்டிச் செல்லும் புகைக்குழாயின் மேற்பரப்பு 300 டிகிரி செல்சியஸ், அதாவது 573 கெல்வின் என்று கொள்வோம். ஸ்டெஃபான்-போல்ட்ஸ்மன் விதிப்படி ஒரு கரும்பொருள் அந்த வெப்பநிலையில் சதுர மீட்டருக்குச் சுமார் 6,000 வாட் ஆற்றலை வீசும். மூடியின் அடிமுகத்தில் பளபளப்பான அலுமினியத் தாளை ஒட்டினால் அதன்மேல் விழும் கதிர்வீச்சில் பத்தில் ஒரு பங்குகூட உள்ளே ஏறாது. தாளில் எண்ணெயும் தூசியும் படிந்தால் அந்தப் பயன் போய்விடும்.

அடுத்து இரைச்சல். இங்கே கண்ணாடி இழைக்குத் தோல்விதான். ஒலியைத் தடுப்பது பொருண்மை. ஒரு சதுர மீட்டர் தகட்டின் நிறை இரு மடங்கானால் தடுப்பாற்றல் சுமார் 6 டெசிபெல் கூடும். கண்ணாடி இழையோ இலேசானது. முரசுத்தோல் போல அதிரவும் செய்யும். அதனால் நிலக்கீல் கலந்த கனமான தகடுகளை அதன்மேல் ஒட்டுகிறார்கள். அவை நிறையையும் கூட்டுகின்றன, அதிர்வையும் தணிக்கின்றன.

இவ்வளவும் செய்துவிட்டு விளிம்பில் 5 மில்லிமீட்டர் இடுக்கு விட்டால் என்ன ஆகும்? மூடியின் பரப்பு 1 சதுர மீட்டர், இடுக்கின் நீளம் 2 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இடுக்கின் பரப்பு 0.01 சதுர மீட்டர். மூடியில் நூற்றில் ஒரு பங்கு! அதன் வழியே ஒலி தடையின்றி நுழையும். மூடியை ஈயத்தால் செய்தாலும் சரி, இரைச்சலை 20 டெசிபெல்லுக்கு மேல் குறைக்க முடியாது.

இடுக்கின் வழியே ஒலியைவிடப் பொல்லாத ஒன்றும் வரும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் முகப்பில் மோதும் காற்றின் இயக்க அழுத்தம் சுமார் 460 பாஸ்கல். அதில் ஒரு பங்கு எஞ்சின் அறையில் நிலவி, அங்குள்ள சூடான காற்றை இடுக்குகள் வழியே உள்ளே தள்ளுகிறது. புகைக்குழாயின் இணைப்பு கசிந்தால் கார்பன் மோனாக்சைடும் சேர்ந்து வரும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினுடன் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் உறுதியாகப் பிணையும். தூக்கக் கலக்கம் என்று ஓட்டுபவர் நினைப்பது நஞ்சாகவும் இருக்கலாம். ஆகவே மூடி எந்தப் பொருளால் ஆனது என்பதைவிட, அதன் விளிம்பு எப்படிப் படிகிறது என்பதையே நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

இனிப் பொருத்தும் முறை. இருக்கைகளையும், கருவிப் பலகையைத் தாங்கும் இரும்புச் சட்டத்தையும் கழற்றிய பின், புது மூடியை வெறுமனே வைத்துப் பார்க்க வேண்டும். கியர் கோலை ஒவ்வொரு கியரிலும், பின்செல்லும் கியரிலும்கூடப் போட்டு, எங்கும் இடிக்கவில்லை என்று உறுதி செய்ய வேண்டும். விளிம்பை அராவும்போது முகமூடியும் கண்ணாடியும் கட்டாயம் அணிய வேண்டும். கண்ணாடி இழைத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. துளைகளை முன்கூட்டியே போட்டுவிடக் கூடாது. பழைய உடற்பகுதி எத்தனையோ முறை பற்றவைக்கப்பட்டிருக்கும், இரண்டு வண்டிகள் ஒன்றுபோல் இரா. மூடியைச் சரியாக அமர்த்தி, வண்டியிலுள்ள துளைகளைப் பார்த்து அடையாளமிட்டே துளையிட வேண்டும். திருகாணியைவிடத் துளை ஒரு மில்லிமீட்டர் பெரிதாக இருந்தால் வெப்பத்தால் விரிவதற்கும் இடம் கிடைக்கும்.

திருகாணித் தலையின் கீழ் அகலமான வாஷர் அவசியம். விட்டம் இரு மடங்கானால் பரப்பு 4 மடங்கு. நடுத்துளையைக் கழித்துப் பார்த்தால் இன்னும் கூடுதல். அதே விசை அதிகப் பரப்பில் பரவுவதால் அழுத்தம் குறைந்து, துளையோரம் வெடிக்காது. பழைய அட்டை கிழிந்தது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். விளிம்பைச் சுற்றி, குமிழ்கள் ஒன்றோடொன்று இணையாத ரப்பர் நுரைப் பட்டையை ஒட்ட வேண்டும். குளிக்கும் பஞ்சு போன்ற நுரை உதவாது, அதற்குள் காற்றும் நீரும் புகுந்துவிடும். எல்லாத் திருகாணிகளையும் தளர்வாக மாட்டிய பிறகே, எதிரெதிராகச் சிறிது சிறிதாக முறுக்க வேண்டும். ஒன்றை மட்டும் முழுவதும் இறுக்கினால் மறுபக்கம் எழும்பி நிற்கும்.

சோதிப்பது எளிது. இரவில் வண்டியின் அடியில் ஒரு மின்விளக்கை ஏற்றி, உள்ளிருந்து பாருங்கள். ஒளி கசியும் இடமெல்லாம் காற்றும் கசியும். ஆனால் ஒளி நேர்கோட்டில் செல்வது. வளைந்த இடுக்கை அது காட்டிக்கொடுக்காது. அதற்கு இறுதியாக முறுக்குமுன் விளிம்பினடியில் ஆங்காங்கே காகிதத் துண்டுகளைச் செருகி, முறுக்கிய பின் இழுத்துப் பார்க்க வேண்டும். சுலபமாக வழுக்கி வரும் இடத்தில் பட்டை அழுந்தவில்லை என்று பொருள். அங்கே இன்னொரு பட்டையை வைக்க வேண்டும். இரண்டு சோதனைகளையும் நமுதாவும் தரைவிரிப்பும் விரிப்பதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். விரித்த பிறகு எந்த இடுக்கும் கண்ணுக்குத் தெரியாது.