எரிபொருள் தீர்ந்த விமானம்

1983-ம் ஆண்டு ஜூலை 23-ந் தேதி. கனடா நாட்டில் மான்ட்ரியல் நகரில் இருந்து ஒரு விமானம் புறப்பட்டது. வழியில் ஒட்டாவாவில் இறங்கி, எட்மன்டன் நகரை நோக்கிப் பறந்தது. உள்ளே 69 பேர்.

41 ஆயிரம் அடி உயரத்தில் எச்சரிக்கை மணி அடித்தது. சற்று நேரத்தில் ஓர் என்ஜின் நின்றது. அடுத்ததும் நின்றது. எரிபொருள் இல்லை!

புத்தம் புதிய விமானம். எரிபொருள் போடாமலா புறப்பட்டார்கள்? போட்டார்கள். அளந்தும் பார்த்தார்கள். ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை!

பிழை, மறதி, அலட்சியம் மூன்றையும் நாம் "கவனக்குறைவு" என்று ஒரே சொல்லால் சொல்லிவிடுகிறோம். மூன்றும் வேறு வேறு. இந்த விமானத்தில் மூன்றும் சேர்ந்து ஏறிக்கொண்டன.

பவுண்டும் கிலோவும்

கனடாவில் அப்போது பவுண்டு போய், கிலோ வந்துகொண்டிருந்தது. (படியும் வீசையும் போய் லிட்டரும் கிலோவும் வந்தபோது நம் கடைத்தெருவில் நடந்த குழப்பத்தைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள்.)

விமானத்துக்கு 22,300 கிலோ எரிபொருள் தேவை. தொட்டியில் அளப்பதோ லிட்டரில். லிட்டரைக் கிலோ ஆக்க, சுமார் 0.8-ஆல் பெருக்க வேண்டும். அவர்கள் 1.77-ஆல் பெருக்கினார்கள். அது பவுண்டுக்கு உரிய எண். அதனால் தேவையில் பாதிகூடத் தொட்டியில் இல்லை.

ஒட்டாவாவில் மறுபடி அளந்தார்கள். மறுபடியும் அதே 1.77! இது பிழை.

மறந்த சுவிட்ச்

"எரிபொருளைக் காட்டும் கருவி இல்லையா?" என்று கேட்பீர்கள். இருந்தது. அதில் ஒரு பாகம் பழுது. ஒரு சுவிட்சை அணைத்து வைத்தால் மற்றப் பாகம் வேலை செய்யும். அப்படித்தான் வைத்திருந்தார்கள். மான்ட்ரியலில் ஒரு தொழிலாளி, சோதித்துப் பார்க்க அந்தச் சுவிட்சைப் போட்டார். அதற்குள் எரிபொருள் லாரி வந்தது. கவனம் அங்கே போயிற்று. சுவிட்சை அணைக்க மறந்தார். கருவி இருண்டுவிட்டது.

யார் வேலை?

பழைய விமானங்களில் எரிபொருள் கணக்கைப் பார்க்க என்ஜினீயர் ஒருவர் உடன் வருவார். புதிய விமானத்தில் அவர் இல்லை. அவருடைய வேலை இனி யாருக்கு? நிர்வாகம் தெளிவாகச் சொல்லவில்லை. புதிய கணக்கைச் சரியாகக் கற்றுக் கொடுக்கவும் இல்லை. கருவி இருண்டிருந்தால் பறக்கக் கூடாது என்பது விதி. பறந்தார்கள்.

பெருக்கியவர் தாம் தவறு செய்வதை அறியவில்லை. இங்கேயோ, கருவி இருண்டிருப்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் விடுவதுதான் அலட்சியம். என்னைக் கேட்டால், மூன்றிலும் பெரிய குற்றம் இதுதான்.

சத்தமில்லாமல் வந்தது

தலைமை விமானி ராபர்ட் பியர்சன், என்ஜின் இல்லாத கிளைடர் விமானம் ஓட்டிப் பழகியவர். கிம்லி என்ற ஊரில் பழைய விமானப்படைத் தளம் இருந்தது. அங்கே இறக்கத் துணிந்தார்கள். அன்று அந்த ஓடுபாதையில் கார் பந்தயம்! சத்தமே இல்லாமல் விமானம் வந்து இறங்கியது. முன்சக்கரம் மடங்கி, மூக்கு தரையில் தேய்ந்து நின்றது. சிலருக்குச் சிறு காயம். 69 பேரும் பிழைத்தார்கள்.

நிறுவனம் முதலில் விமானிகளையும் தொழிலாளர்களையும் தண்டித்தது. பிறகு நடந்த விசாரணை, நிர்வாகத்தின் குறைகளையும் எடுத்துக் காட்டியது. 1985-ல் விமானிகள் இருவருக்கும் சர்வதேசப் பாராட்டுப் பத்திரம் கிடைத்தது. பழுது பார்க்கப்பட்ட அந்த விமானம் 2008 வரை பறந்தது.