உறவும் ஓர் இடுபொருளே

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் கரிசல் நிலத்தில் மானாவாரியாக மக்காச்சோளமும் பருத்தியும் பயிரிடும் உழவர் பெருமக்கள், மழைக்கு முன்பே விதை, உரம், மருந்து, ஆள்கூலி ஆகியவற்றுக்குக் கணக்குப் போட்டு விடுகிறார்கள். செட்டிகுளம் பகுதியில் சின்ன வெங்காயம் நடுவோரும், ஜெயங்கொண்டம் பகுதியில் முந்திரி வைத்திருப்போரும் அவ்வாறே. ஆனால் இந்தக் கணக்கில் ஒரு வரி விடுபட்டுப் போகிறது. பயிருக்கு ஆபத்து வரும்போது யாரைக் கேட்பது? அவர் நம் வயலை அறிவாரா? அவர் சொல்லை நம்பலாமா? இதுவே அந்த வரி. பெரிய செலவில்லாத இந்த இடுபொருளுக்கு மக்கள் தொடர்பு என்று பெயர். ஆலைகளும் அரசு அலுவலகங்களும் மட்டுமே கவனிக்க வேண்டியது இது என்று எண்ணுதல் சரியன்று. வேளாண்மையிலும் இதற்கு இடம் உண்டு. லாப நட்டமும் உண்டு. சில வேளைகளில் உயிரும் இதைப் பொறுத்திருக்கிறது.

மக்கள் தொடர்பு என்றால் என்ன?

விளம்பரமும் மக்கள் தொடர்பும் ஒன்றே எனப் பலர் நினைக்கிறார்கள். விளம்பரம் பொருளை விற்கும். விற்றதும் அதன் வேலை முடிந்தது. மக்கள் தொடர்போ இருவழிப் பாதை. ஒரு நிறுவனம் தன்னை நம்பியிருப்போரின் பேச்சைக் கேட்க வேண்டும். கேட்டதற்கேற்பத் தன் செயலைத் திருத்திக் கொள்ள வேண்டும். திருத்தியதைத் திரும்ப வந்து சொல்ல வேண்டும். இம்மூன்றும் சேர்ந்தால்தான் உறவு நிலைக்கும்.

இவ்வுறவை அவசரத்தில் உண்டாக்க இயலாது. பயிர் வாடிய பிறகு தொழு உரம் கொட்டினால் அந்தப் போகத்துக்கு உதவாது அன்றோ? நம்பிக்கையும் அப்படித்தான். ஆபத்து இல்லாத மாதங்களில் இட்டு வைத்தால்தான் ஆபத்து வரும் மாதத்தில் பலன் தரும்.

2018-ஆம் ஆண்டு தந்த பாடம்

அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த படைப்புழு 2016-ஆம் ஆண்டு ஆப்பிரிக்காவில் காணப்பட்டது. 2018-ஆம் ஆண்டு மே மாதம் கர்நாடகத்தின் சிவமொக்காவில் தென்பட்டது. அதே ஆண்டு தமிழ்நாட்டுக்கும் வந்து சேர்ந்தது. மாநிலத்தில் மக்காச்சோளம் மிகுதியாகப் பயிராகும் மாவட்டங்களுள் பெரம்பலூர் முன்வரிசையில் நிற்பதால், இங்கும் பக்கத்திலுள்ள அரியலூரிலும் அடி பலமாக விழுந்தது.

இப்புழுவின் தலையில் தலைகீழான ஆங்கில 'ஒய்' எழுத்துப் போன்ற கோடும், வால் பக்கம் சதுரமாக அமைந்த 4 கரும்புள்ளிகளும் இருக்கும். இன்று நம் உழவர்களுள் பலருக்கு இது தெரியும். அன்று தெரியாது. பழைய தண்டுத் துளைப்பான் என்று கருதினால் நாள் வீணாகும். பகலில் குருத்துக்குள் புழு பதுங்கிக் கொள்வதால், இலையின் மேல் மட்டும் தெளித்த மருந்தும் வீணாகும். புழு சிறிதாக இருக்கும் முதல் சில நாட்களில் குருத்தினுள் மருந்து விழும்படி தெளித்தால் கட்டுப்படும். முற்றிய பின் எந்த மருந்தும் முழுப்பலன் தருவதில்லை. ஆகவே, இப்பூச்சியைப் பொறுத்த வரையில் மருந்தைக் காட்டிலும் நாள் முக்கியம். அந்த நாளைச் சேமித்துத் தருவது, சரியான ஆளிடம் உடனே கேட்கும் வசதிதான்.

மருந்துக்கடை முந்துவது ஏன்?

பூச்சியைக் கண்டதும் உழவர் பெரும்பாலும் முதலில் போவது பக்கத்து ஊர் மருந்துக்கடைக்கு. இதற்காக உழவரைக் குறை கூறிப் பயனில்லை. கடை நாள்தோறும் திறந்திருக்கிறது. கடைக்காரர் பெயர் சொல்லி அழைக்கிறார். கடன் தருகிறார். அடுத்த வாரம் சந்தையில் பார்த்தால், "மருந்து கேட்டதா?" என்று விசாரிக்கிறார். இது முழுமையான மக்கள் தொடர்பு. ஆனால் அவர் விற்பனையாளர். விற்க வேண்டிய சரக்கு அவரிடம் இருக்கிறது என்பதை மறத்தலாகாது.

கடைக்காரரை ஒதுக்குவதைவிட உறவுக்குள் கொண்டு வருவதே அறிவுடைமை. ஐதராபாத்திலுள்ள தேசிய வேளாண் விரிவாக்க மேலாண்மை நிறுவனம் 2003-ஆம் ஆண்டு முதல் இடுபொருள் விற்பனையாளர்களுக்கென ஓராண்டுப் பட்டயப் படிப்பு நடத்தி வருவது இக்காரணம் பற்றியே.

வானொலி நெல்

தொடர்பின் வலிமைக்கு நம் பக்கத்திலேயே சான்று உண்டு. 1960-களில் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஏ.டி.டீ. 27 என்னும் குறுவை நெல் வந்தது. திருச்சி வானொலியின் பண்ணைச் செய்திகள் மூலம் அதைப் பற்றிக் கேட்டறிந்த தஞ்சை உழவர்கள் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயரிட்டு விட்டார்கள். இன்றைய பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்கள் அன்று திருச்சி மாவட்டத்தில் அடங்கியிருந்தன.

வானொலிப் பெட்டி மட்டும் போதுமா? 1956-ஆம் ஆண்டு பூனாவைச் சுற்றியுள்ள மாவட்டங்களில் ஐ.நா. கல்வி, அறிவியல், பண்பாட்டு நிறுவனத்தின் துணையுடன் ஒரு சோதனை நடந்தது. 150 கிராமங்களில் உழவர் குழுக்கள் அமைத்தார்கள். நிகழ்ச்சியைக் கூடியிருந்து கேட்டு, தமக்குள் விவாதித்து, ஐயங்களை நிலையத்துக்கு எழுதி அனுப்பினார்கள். அடுத்த நிகழ்ச்சிகளில் விடை வந்தது. குழு இல்லாத கிராமங்களைவிட இக்கிராமத்தார் மிகுதியாகக் கற்றுக் கொண்டது தெரிய வந்தது. கேள்வி திரும்பிப் போக வழி இருந்ததே இதற்குக் காரணம் எனலாம்.

செய்தி யாரிடம் போய்ச் சேர்கிறது?

2017-ஆம் ஆண்டு மராட்டிய மாநிலம் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து தெளித்தவர்களில் ஏறத்தாழ 20 பேர் நச்சேறி மாண்டார்கள். அதே ஆண்டு பெரம்பலூர் மாவட்டத்திலும் மருந்து தெளித்தவர்கள் சிலர் உயிரிழந்தார்கள். மருந்துப் புட்டியில் எச்சரிக்கை இருக்கத்தான் செய்கிறது. சிவப்பு முக்கோணம் கடும் நஞ்சு, மஞ்சள் அதற்கு அடுத்தது, நீலம் நடுத்தரம், பச்சை குறைந்த நஞ்சு என்று நிறம் பிரித்தே அச்சிட்டிருக்கிறார்கள். ஆனால் பயிற்சிக் கூட்டத்துக்கு வருபவர் நிலத்துக்கு உரியவர். கைத்தெளிப்பானைத் தோளில் சுமப்பவர் பல இடங்களில் கூலியாள். புட்டியை அவர் பார்ப்பதே இல்லை. கலக்கிய மருந்தைத்தான் பார்க்கிறார். செய்தி உரியவரிடம் நின்று போனால் அது மக்கள் தொடர்பு ஆகாது. காற்றுக்கு எதிராகத் தெளிக்கலாகாது, முகத்தையும் கையையும் மூட வேண்டும், தலைச்சுற்றலோ வாந்தியோ கண்டால் புட்டியுடன் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும் என்பவற்றைத் தெளிப்பவரிடமே நேரில் சொல்லுதல் வேண்டும்.

உழவர்கள் செய்ய வேண்டியவை

1. விதைப்புக்கு முன்பே தொடர்பை ஏற்படுத்திக் கொள்ளுங்கள். உங்கள் ஊர் உதவி வேளாண்மை அலுவலரின் தொலைபேசி எண்ணைப் பெற்று வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள். பெரம்பலூர் மாவட்டத்தார் வாலிகண்டபுரத்திலும், அரியலூர் மாவட்டத்தார் சோழமாதேவியிலும் உள்ள வேளாண் அறிவியல் நிலையங்களை ஒருமுறையேனும் நேரில் சென்று பாருங்கள். பருத்தி பயிரிடுவோர்க்கு வேப்பந்தட்டையில் பல்கலைக்கழகத்தின் பருத்தி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. உழவர் அழைப்பு மையத்தின் கட்டணமில்லா எண் 1800-180-1551.

2. தனித்தனியே கேட்பதைவிட 15 அல்லது 20 பேர் குழுவாகச் சேர்ந்து கேளுங்கள். ஒருவர் பெற்ற விடை அனைவருக்கும் பயன்படும்.

3. "பயிரில் பூச்சி இருக்கிறது" என்று மட்டும் சொன்னால் தக்க விடை கிடைக்காது. விதைத்த நாள், ரகம், ஏற்கெனவே தெளித்த மருந்து ஆகியவற்றைச் சொல்லுங்கள். வயலில் 5 இடங்களில் இடத்துக்கு 20 செடிகளாக 100 செடிகளைப் பார்த்து, எத்தனை தாக்கப்பட்டுள்ளன என்று எண்ணிச் சொல்லுங்கள். கைப்பேசியில் படம் எடுத்தால் இலையை மட்டுமன்றிப் புழுவையும் எடுங்கள்.

4. சொன்னதைச் செய்து பார்த்த பின் பலனைத் திரும்பச் சொல்லுங்கள். பலன் இல்லை என்றால் அதையும் தயங்காமல் சொல்லுங்கள். அடுத்த வயலுக்குப் பரிந்துரை திருந்துவது இதனால்தான்.

5. கடையில் ரசீது கேட்டு வாங்குங்கள். மருந்தின் பெயர், தொகுதி எண், காலாவதி நாள் ஆகியவற்றைச் சரிபாருங்கள். ரசீது இல்லாத புகாருக்கு வலிமை இல்லை.

6. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடைபெறும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்கு எழுத்து மூலமாக மனுவுடன் செல்லுங்கள். சர்வே எண்ணையும் கேட்கும் உதவியையும் ஒரு பக்கத்தில் எழுதினால் போதும். ஒப்புகை பெற்று, அடுத்த மாதம் அதைக் காட்டி விடை கேளுங்கள்.

அலுவலர்கள் நினைவில் கொள்ள வேண்டியவை

பணியாளர் ஒருவருக்குப் பல கிராமங்கள் இருக்கின்றன; எல்லா வயலுக்கும் போக இயலாது என்பது உண்மையே. எனினும் சொன்ன நாளில் வருவதும், வர இயலாவிடில் முன்கூட்டித் தெரிவிப்பதும் அவரால் இயலும். விடை தெரியாதபோது, "கேட்டுச் சொல்கிறேன்" என்பதில் இழுக்கில்லை; கேட்டுச் சொல்லாமல் விடுவதில்தான் இழுக்கு. நிவாரணமோ மானியமோ கிடைக்காது என்றால் அதையும் காரணத்துடன் நேரில் சொல்லிவிட வேண்டும். மறுப்பைக் கேட்ட உழவர் வருந்துவார். மௌனத்தைக் கண்ட உழவர் மறுமுறை வர மாட்டார். பிறகு நல்ல செய்தியோடு சென்றாலும் கேட்பார் இரார்.

எனவே, உழவர் பெருமக்கள் வரும் பருவத்துக்கு விதை வாங்கும் முன்பே ஒருமுறை விரிவாக்க மையத்துக்குச் சென்று, அலுவலரைச் சந்தித்து, தம் வயலைப் பற்றிச் சொல்லி வருமாறு கேட்டுக் கொள்ளப்படுகிறார்கள். பயிரில் புழு விழுந்த பிறகு அறிமுகம் செய்து கொள்ள நேரம் இருக்காது.