'ஆசுகவி' என்றால் என்ன? ஸ்ரீரங்கம் மடப்பள்ளியில் இருந்து வந்த காளமேகம் கதை

மீட்டிங்கில் திடீர்னு நல்ல ஐடியா வந்தால் 'இன்ஸ்பிரேஷன்' என்கிறோம். அதன் லத்தீன் வேருக்கு 'உள்ளே ஊதுதல்' என்று பொருள். தெய்வம் மூச்சை ஊதி கவிஞரைப் பாடவைக்கிறது என்ற நம்பிக்கை. திருச்சியில் கதை வேற மாதிரி. இங்கே மூச்சு இல்லை, வெற்றிலைச் சாறு.

காளமேகப் புலவர் 15-ம் நூற்றாண்டுக்காரர். இயற்பெயர் வரதன், ஸ்ரீரங்கம் கோயில் மடப்பள்ளியில் சமையல் வேலை பார்த்தவர் என்பார்கள். பக்கத்திலேயே உள்ள திருவானைக்காவல் கோயிலில் நடனமாடிய மோகனாங்கி மீது காதல். ஓரிரவு அவருக்காகக் காத்திருந்து, கோயில் மண்டபத்திலேயே அசந்து தூங்கிவிட்டாராம். அதே இரவு, கல்வி வேண்டித் தவமிருந்த இன்னொருவர் முன் அகிலாண்டேஸ்வரி வந்து, தான் மென்ற தாம்பூலத்தை உமிழ 'வாயைத் திற' என்றாள். அவர் முகம் சுளித்தார். தூக்கக் கலக்கத்தில் வரதன் திறந்தார். அப்புறம் மழை மேகம் மாதிரி கவி கொட்டியது. பெயரும் காளமேகம் ஆனது.

இந்தத் திறமைக்குப் பெயர்தான் ஆசுகவி. 'ஆசு' என்ற சமஸ்கிருதச் சொல்லுக்கு விரைவு என்று பொருள். (தமிழில் 'ஆசு' என்றால் குற்றம் என்றும் உண்டு. ரெண்டையும் குழப்பிக்க வேண்டாம்!) பாட்டியல் நூல்கள் கவிகளை ஆசு, மதுரம், சித்திரம், வித்தாரம் என நான்காகப் பிரிக்கின்றன. ஆசுகவிக்கான கண்டிஷன் ரொம்பக் கறார். பொருள், பா வகை, அணி எல்லாம் எதிரே இருப்பவர் கொடுப்பார். உடனே பாட வேண்டும். ஃப்ரீஸ்டைல் ராப் மாதிரிதான். ஆனால் இங்கே தளை தட்டினால் ஆட்டம் க்ளோஸ்.

'இன்ஸ்பிரேஷன்' பொருந்தாமல் போவதும் இங்கேதான். அது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஆசுகவியோ கேட்ட நொடியில் வந்தாக வேண்டும். திருமலைராயன் அவையில் அதிமதுரகவியின் சவாலை ஏற்று, நெருப்புக்கு மேலே அமர்ந்து 'யமகண்டம்' பாடியதாகவும் காளமேகம் பற்றிக் கதை உண்டு. பாம்பையும் எள்ளையும் ஒரே வெண்பாவில் வைத்து, ஒவ்வொரு சொற்றொடரும் ரெண்டுக்கும் பொருந்தும்படி சிலேடை பாட, யாப்பு நாக்கிலேயே இருக்கணும். மடப்பள்ளி ஊழியர் அதை எங்கே, யாரிடம் கற்றார்? தாம்பூலக் கதை அந்தக் கேள்வியைத் தாண்டிப் போய்விடுகிறது. உழைப்புக்கான கிரெடிட்டும் அதோடு போச்சு.

இத்தனைக்கும், அந்தத் திருவானைக்காவல் மீதே அவர் பாடியது 'திருவானைக்கா உலா'. அது நொடியில் கொட்டிய தனிப்பாடல் இல்லை, நீண்ட நூல்.