காய்ந்தால் கீறும்

நன்றாகக் கழுவித் துடைத்த காரின் பானட்டை, மெல்லிய பாலித்தீன் பை மாட்டிய விரல்களால் ஒருமுறை தடவிப் பாருங்கள். வெறும் விரலுக்கு வழவழவென்று இருந்த பெயின்ட், பை மாட்டியதும் நறநறவென்று உரசும். ஷாம்பு போட்டும் போகாத அழுக்கு அது. பெயின்டின் மேல் சும்மா உட்கார்ந்திருக்கும் தூசியைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விடும். பெயின்டில் பதிந்து ஒட்டிக்கொண்டதை அதனால் அசைக்க முடியாது. பிரேக் பிடிக்கும்போது வட்டிலிருந்து சூடாகத் தெறிக்கும் இரும்புத் துகள் அப்படிப் பதிந்து, பிறகு அங்கேயே துருப்பிடிக்கிறது. சாலை போடும் இடத்தில் தெறித்த தார்ப்புள்ளி, வேப்பமரத்தடியில் நிறுத்தியதால் சொட்டிய பிசின், பக்கத்து வீட்டு கேட்டுக்குப் பெயின்ட் அடித்தபோது காற்றில் வந்த துளி எல்லாம் இந்த வகைதான். இவற்றை எடுப்பதற்கென்றே வந்த பொருள் கிளே பார். திருநெல்வேலியிலிருந்து பத்தமடை, சேரன்மகாதேவி வழியாக அம்பாசமுத்திரம் போகும் சாலையில் தினமும் கார் ஓட்டுகிறவருக்கும் இது இப்போது இணையத்தில் எளிதாகக் கிடைக்கிறது. அதை வாங்கியவுடன் எழும் கேள்வி ஒன்றுதான்: தேய்க்கும்போது பெயின்டில் கீறல் விழாமல் இருக்க மேலே எதைத் தெளிப்பது?

பதில் சொல்லும் முன் கிளே பார் என்ன பொருள் என்று பார்த்துவிட வேண்டும். இது குளத்துக் களிமண் அல்ல. பாலிபியூட்டீன் என்ற பிசுபிசுப்பான செயற்கைப் பிசினில் மிக நுண்ணிய தேய்ப்புப் பொடியைப் பிசைந்து செய்த உருண்டை. ஜப்பானைச் சேர்ந்த தடாவோ கொடாதே இதற்காக 1995-இல் பெற்ற அமெரிக்கக் காப்புரிமை, இதை வளைந்துகொடுக்கும் சாணைக்கல் என்றே வகைப்படுத்துகிறது. பெயின்டின் மேல் இதை நகர்த்தும்போது சமதளத்தின் மேல் அது நழுவிப் போகிறது. துருத்திக்கொண்டிருக்கும் துகளை மட்டும் இடித்து, வேரோடு பிடுங்கி, தனக்குள் இழுத்துக்கொள்கிறது. ஆக, கையில் இருப்பது இரண்டு குணம் சேர்ந்த பொருள். ஒன்று, அது ஒட்டும். இரண்டு, அது தேய்க்கும். மேலே தெளிக்கும் திரவம் இந்த இரண்டில் எதை அடக்குகிறது என்பதில்தான் பலருக்கும் தவறான எண்ணம் இருக்கிறது.

பெரும்பாலோர் நினைப்பது இது: திரவம் எவ்வளவு வழுக்குகிறதோ அவ்வளவுக்குப் பெயின்ட் தப்பிக்கும், வழுக்கும் படலம் மணலைத் தூக்கிப் பிடித்துக்கொள்ளும். இந்த நம்பிக்கை அளவுகளோடு ஒத்துவரவில்லை. காரின் வண்ணத்துக்கு மேலே இருக்கும் நிறமற்ற பூச்சான கிளியர் கோட், பொதுவாக 40 முதல் 50 மைக்ரான் தடிமன். மண்ணியலில் மணல் என்று சொல்லத் தகுதி பெறும் மிகச் சிறிய துகளே 60 மைக்ரானைத் தாண்டும். அதாவது கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு மணல்துகள், நாம் காப்பாற்ற நினைக்கும் பூச்சைவிடப் பருமனானது. விரல் அழுத்தத்தில் கிளே பார் பெயின்டின் வளைவுக்கு ஏற்பப் படிந்து, இடையிலிருக்கும் நீரைப் பிதுக்கி வெளியே தள்ளுகிறது. மிஞ்சும் மெல்லிய ஈரம் அந்த மணலை மிதக்கவைக்கும் என்று எதிர்பார்க்க இடமில்லை. அதுவும் திருநெல்வேலிப் பக்கத்து மணல் சாதாரண மணல் அல்ல. தென்கிழக்கே தேரிக்காட்டின் செம்மணலில் இருப்பது இரும்பு ஆக்சைடு பூசிய குவார்ட்ஸ். கடற்கரை மணலில் இல்மனைட்டோடு கார்னெட்டும் கலந்திருக்கிறது. உலோகத்தைச் சுரண்டவும் நீர்த்தாரையால் அறுக்கவும் கார்னெட்டை உலகெங்கும் பயன்படுத்துகிறார்கள். மோஸ் கடினத்தன்மை அளவில் குவார்ட்ஸ் 7, கார்னெட் 6.5 முதல் 7.5 வரை. எஃகை அறுக்கும் துகளிடமிருந்து மென்மையான ஒரு பிளாஸ்டிக் பூச்சை எந்தப் பாட்டில் திரவமும் காக்காது. மணலைப் போக்கும் வேலை கழுவுவதற்குரியது. முதலில் வெறும் நீரை வேகமாக அடித்து, பிறகு ஷாம்பு போட்டு, மேலிருந்து கீழாகக் கழுவி, மறுபடி நீர் விட்டு, அதன் பிறகுதான் கிளே பாரைக் கையில் எடுக்க வேண்டும். கழுவுவதில் சோம்பல்பட்டு, விலை உயர்ந்த திரவத்தால் ஈடுகட்டிவிடலாம் என்று நினைப்பதால்தான் முக்கால்வாசிக் கீறல்கள் விழுகின்றன என்பது என் கருத்து.

அப்படியானால் திரவத்துக்கு வேலையே இல்லையா? இருக்கிறது, அது வேறு வேலை. பாலிபியூட்டீனின் ஒட்டும் குணத்தை அடக்குவதுதான் அது. உலர்ந்த பெயின்டில் கிளே பாரை வைத்து இழுத்தால் அது பிடித்துக்கொண்டு, ஒரு கணம் நின்று, பிறகு வெடுக்கென்று நகரும். அந்த வெடுக்கில்தான் கிளே பாருக்குள் இருக்கும் தேய்ப்புப் பொடி பெயின்டில் அழுந்துகிறது. பூச்சில் மங்கலான மென்கோடுகள் விழுகின்றன. கிளே பாரின் ஒரு தீற்றலும் அங்கேயே அப்பிக்கொள்கிறது. இரண்டு பரப்புக்கும் நடுவே முழுதாக நனைந்த ஒரு படலம் இருந்தால் போதும், எவ்வளவு மெல்லியதானாலும் இந்த ஒட்டல் நின்றுவிடும். இங்கே முக்கியம் ‘முழுதாக’ என்பது. வெறும் நீர் இதில் தோற்கிறது. நீரின் பரப்பு இழுவிசை அதிகம். மெழுகு பூசிய பானட்டில் அது முத்து முத்தாகத் திரண்டு நிற்கும். முத்துகளுக்கு இடையே உலர்ந்த தீவுகள் இருக்கும். கிளே பார் அந்தத் தீவில் ஏறும்போதெல்லாம் ஒட்டும். ஷாம்புவில் உள்ள சலவைப் பொருள் இழுவிசையைக் குறைப்பதால் முத்துகள் உடைந்து, நீர் ஒரே தாளாகப் பரவுகிறது. ஒரு லிட்டர் நீரில் ஒன்று அல்லது இரண்டு தேக்கரண்டி கார் ஷாம்பு கலந்தாலே இந்த வித்தியாசத்தைக் கண்ணால் பார்க்கலாம். மெழுகு கலந்த ஷாம்பு மட்டும் இதற்கு வேண்டாம்; அது விட்டுச்செல்லும் படலம், அழுக்கு போய்விட்டதா இல்லையா என்று விரலுக்குத் தெரியாமல் மறைத்துவிடும்.

படலம் முழுதாக இருப்பது ஒரு பாதி; வேலை முடியும்வரை அப்படியே இருப்பது மறுபாதி. தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் இந்த மறுபாதிதான் கடினம். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருக்கும் ஊர்கள் இவை. ஆனி, ஆடியில் குற்றாலத்தில் சாரல் விழும்போது, ஆரல்வாய்மொழி, செங்கோட்டைக் கணவாய்களின் வழியே வரும் காற்று சமவெளியில் உலர்ந்து வீசுகிறது. முப்பந்தலில் காற்றாலைகளைச் சுழற்றும் அதே பருவக்காற்று, பானட்டில் தெளித்த நீரை நீங்கள் மறுபக்கம் திரும்புவதற்குள் உறிஞ்சிவிடும். வெயிலில் நின்ற கறுப்புக் காரின் கூரை கை வைக்க முடியாத சூடு; அங்கே எந்தத் திரவமும் நிற்காது. பத்தமடையில் பாய் நெய்பவர்களின் கைவேலையில் இதே நியாயம் இருக்கிறது. ஆற்று நீரில் நாள்கணக்கில் ஊறி, காய்ந்து, நுண்ணிய இழைகளாகக் கிழிக்கப்பட்ட கோரையை அவர்கள் நெய்யும்போது ஈரமாகவே வைத்திருப்பார்கள். அந்த ஈரம் எவ்வளவு வழுக்குகிறது என்பது அங்கே கணக்கே அல்ல; இழை பாவுக்குள் நுழைந்து வளைந்து முடியும்வரை அது காயாமல் இருக்கிறதா என்பதே கணக்கு. காய்ந்த கோரை ஒடியும். கிளே பாருக்குத் திரவம் தேர்ந்தெடுப்பவரும் பாட்டிலின் மேல் எழுதிய வழுக்கலைவிட அது காயும் நேரத்தைத்தான் கேட்க வேண்டும். சாராயவகைக் கரைப்பான் கலந்த, துடைத்ததும் பளிச்சென்று உலரும் தெளிப்பான்கள் கண்ணாடிக்கு நல்லவை, இதற்குக் கெட்டவை. எந்தத் திரவமானாலும் நிழலில், காலை வேளையில், இரண்டு உள்ளங்கை அகலமுள்ள இடத்தை மட்டும் நனைத்து, அது முடிந்த பிறகு அடுத்த இடத்துக்குப் போவதுதான் முறை.

காய்வது என்றாலே, காய்ந்தபின் என்ன மிஞ்சுகிறது என்ற கேள்வியும் கூடவே வந்துவிடுகிறது. நீங்கள் கலக்கும் திரவத்தில் 99 பங்கு தண்ணீர்தான். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதை யாரும் கேட்பதில்லை. பொதிகையில் உற்பத்தியாகி இரண்டு பருவமழையாலும் நிரம்பும் தாமிரபரணியின் மேல்பகுதி நீர் உப்புக் குறைந்த மென்னீர். ஆற்றைவிட்டுச் சற்று விலகிப் போட்ட ஆழ்துளைக் கிணற்று நீரோ பல ஊர்களில் கடினமானது. சமையலறைக் குழாயில் வெள்ளைப் பொருக்குக் கட்டுவதே அதற்குச் சாட்சி. அதே பொருக்கு சிறிய வட்டங்களாகப் பானட்டிலும் படியும். கிளே பார் ஓடும் பாதையின் ஓரத்தில் இந்த நீர் காய்ந்தால், நாம் அழுக்கெடுக்கும் இடத்திலேயே புதிய சுண்ணாம்புப் படிவை விட்டுவிட்டுப் போகிறோம். சோப்புக்கட்டி கரைத்த நீராக இருந்தால் நிலைமை இன்னும் மோசம்: கடின நீரின் கால்சியம் சோப்போடு சேர்ந்து கரையாத பிசுக்காகத் திரியும். கார் ஷாம்புவில் இருப்பது செயற்கைச் சலவைப் பொருள் என்பதால் இந்தத் தொல்லை குறைவு; ஆனால் நீரின் உப்பு எங்கும் போய்விடாது. ஒரு காருக்கு ஒன்றிரண்டு லிட்டர் திரவம் போதும் என்பதால் இதற்குத் தீர்வும் எளிது. ஆற்று நீர் வரும் நகராட்சிக் குழாய், கேனில் வரும் குடிநீர், மொட்டை மாடியில் பிடித்த மழைநீர் எதுவும் ஆகும். வீட்டு ஏசியிலிருந்து சொட்டும் நீர் காற்றிலிருந்து குளிர்ந்து விழுந்தது; அதில் உப்பு மிகக் குறைவு. துணியில் வடிகட்டினால் இதற்கு அதைவிட நல்ல நீர் வேண்டியதில்லை.

ஷாம்பு நீரே போதும் என்பதை ஏற்காதவர்கள் சொல்வதில் நியாயமும் உண்டு. கிளே பாருக்கென்றே விற்கும் தெளிப்பான்களில் நீளமான பாலிமர்கள் இருக்கின்றன, அவை ஷாம்பு நீரைவிட உண்மையிலேயே அதிகம் வழுக்குகின்றன என்பார்கள். வாஸ்தவம். மென்மையான கறுப்புப் பெயின்டில், கரடான ரகக் கிளே பாரைப் பயன்படுத்த வேண்டிய நிலையில், அந்தக் கூடுதல் வழுக்கல் மென்கோடுகளைக் குறைக்கும். அங்கே அந்தச் செலவு தகும். சாதாரண வெள்ளை, சில்வர் காரில், நுண்ணிய ரகக் கிளே பாரோடு, அந்த வித்தியாசத்துக்குத் தரும் விலை அதிகம். பாத்திரம் கழுவும் திரவத்தைப் பரிந்துரைப்பவர்களும் உண்டு. அது மெழுகை எடுத்துவிடும் என்று அதை எதிர்ப்பவர்கள் சொல்வது பலவீனமான வாதம். கிளே பாரே மெழுகை எடுத்துவிடும், எப்படியும் பிறகு புதிதாகப் பூசத்தான் வேண்டும். பாத்திரத் திரவத்தின் உண்மையான குறை வேறு: கெட்டியாக இருப்பதற்காகப் பலவற்றில் உப்புச் சேர்க்கிறார்கள், நுரை அடங்கப் பலமுறை அலச வேண்டியிருக்கிறது. அவசரத்துக்கு ஒருமுறை உதவும், வழக்கமாக்கிக்கொள்ளத் தேவையில்லை. மண்ணெண்ணெய், டீசல், தேங்காயெண்ணெய் எதையும் கிளே பாரோடு சேர்க்கவே கூடாது. நன்றாக வழுக்குகிறதே என்று தோன்றும். ஆனால் பாலிபியூட்டீன் ஹைட்ரோகார்பன் இனத்தைச் சேர்ந்தது. எண்ணெய் பட்டால் இளகிக் கரைந்து, பானட் முழுக்க இழுபட்டு அப்பிக்கொள்ளும். தார்ப்புள்ளியை மண்ணெண்ணெயால் துடைக்கும் பழக்கமுள்ளவர்கள், அதை முன்னதாகவே முடித்து, ஷாம்பு போட்டு எண்ணெயை முழுதாகக் கழுவிவிட வேண்டும்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று இருக்கிறது. கழுவுவதுதான் முக்கியம், திரவம் ஒட்டாமல் காப்பதற்கு மட்டும் என்றால், சாணைக்கல் போன்ற ஒரு பொருளைப் பெயின்டில் தேய்ப்பதே ஆபத்துதானே, அதை ஏன் செய்ய வேண்டும்? அடிக்கடி செய்ய வேண்டாம் என்பதே என் பதில். பாலித்தீன் பை சோதனையில் சொரசொரப்புத் தெரிந்தால் மட்டும் கிளே பாரை எடுத்தால் போதும்; மாதாமாதம் தேய்ப்பதற்குக் காரணமே கிடையாது. அதற்கு முன்பும் வேதியியலால் ஆகும் வேலையை அதனிடமே விட்டுவிடலாம். இரும்புத் துகளைக் கரைக்கும் தெளிப்பான்கள் கிடைக்கின்றன. இரும்பைத் தொட்டதும் ஊதா நிறமாக மாறி வழியும். அதைப் பார்க்கும்போதுதான் காரில் எவ்வளவு இரும்பு பதிந்திருந்தது என்பதே தெரியும். 1949 முதல் சிமென்ட் தயாராகும் தாழையூத்தின் பக்கமோ, வீடு கட்டும் இடத்தின் பக்கமோ காரை நிறுத்தி, இரவுப் பனியில் சிமென்ட் தூசி இறுகிவிட்டிருந்தால், அதைக் கிளே பாரால் பெயர்க்கவே கூடாது. இறுகிய சிமென்ட் கட்டி பெயின்டின் மேல் உருண்டால் மணல் செய்யும் அதே வேலையைச் செய்யும். சமையல் வினிகரில் நனைத்த துணியைச் சில நிமிடம் அதன் மேல் போட்டு, சுண்ணாம்பு இளகிய பிறகு நீரால் அலசிவிட வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகு மிஞ்சுவதைக் கிளே பார் எடுக்கும். கையின் எடையைத் தவிர வேறு அழுத்தம் வேண்டாம். வட்டமாகத் தேய்க்காமல் நேர்க்கோட்டில் நகர்த்துங்கள். முதல் சில இழுப்பில் சரசரவென்று சத்தம் கேட்கும், விரலிலும் தட்டுப்படும். சத்தம் அடங்கியதும் அந்த இடம் முடிந்தது. கிளே பாரைத் திருப்பிப் பார்த்தால் பழுப்புக் கோடுகள் தெரியும். அந்தப் பக்கத்தை உள்ளே மடித்துப் பிசைந்து புதுப் பக்கத்தை வெளியே கொண்டுவர வேண்டும்; பிடுங்கிய துகள் இப்போது கிளே பாரில்தான் இருக்கிறது. கீழே விழுந்துவிட்டால் எவ்வளவு கழுவினாலும் தரையின் மணல் அதிலிருந்து முழுதாகப் போகாது. தூக்கிப் போட்டுவிட வேண்டும். அதனால் வாங்கியதும் முழுக் கட்டியோடு வேலையைத் தொடங்காமல், நான்காக வெட்டி, ஒரு துண்டை மட்டும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.